தகவலாளி ஏழு

மனிதனை முழுமையாகப் படிக்க வேண்டுமானால் முதலில் அவனை நான்காகப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்பது அந்த மானிடவியல் துறையின் கொள்கை. பெண்டாங்குக்குப் போகும் பாதையில், நெல்வயல்களுக்கு நடுவே எழும்பியிருந்த ஒரு கல்லூரியின் துறை அது. மனிதனின் பழக்கவழக்கங்கள் பண்பாட்டுப் பிரிவுக்கு. எலும்பும் சதையும் உடலியல் பிரிவுக்கு. அவன் விட்டுப்போன பொருள்கள் தொல்லியலுக்கு. வாயிலிருந்து வருவது மொழிப் பிரிவுக்கு. ஒரு பிரிவின் பங்கை இன்னொரு பிரிவு தொடுவதில்லை. சிற்றுண்டி அறையில் தண்ணீர் கொதிக்கவைக்க நான்கு கெட்டில்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் பிரிவின் பெயர் ஒட்டியிருந்தது. விரிவுரையாளர்கள் நான்கு பேர், மாணவர்கள் பதினொரு பேர். மாணவர்கள் எந்தக் கெட்டிலையும் தொடக்கூடாது.

தினேஸ்வரன் மூன்றாம் ஆண்டு மாணவன். வயது இருபத்தெட்டு. மற்ற பத்துப் பேரும் அவனை அண்ணே என்றார்கள். ஆறு வருடம் ஒரு கிடங்கில் பெட்டி எண்ணிக்கொண்டிருந்தவனைப் படிக்க அனுப்பியது அவன் மனைவி பிரேமலா. சுங்கை பட்டாணியில் ஒரு பேரங்காடியின் கவுண்டரில் அவள் நாள் முழுக்க நின்றாள். எண்ணுகிற வேலையை விட்டுவிட்டு யோசிக்கிற வேலைக்குப் போகச் சொன்னாள். போனான். அங்கேயும் எண்ணத்தான் வைத்தார்கள்.

பிரேமலா இறந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. காலில் கட்டிப்போன இரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொண்டது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். கால் வீங்கியிருந்ததா, வலிக்கிறது என்று எப்போதாவது சொன்னாரா என்று ஓர் இளம் டாக்டர் கேட்டார். இல்லை என்றான் தினேஸ்வரன். பக்கத்தில் நின்ற பிரேமலாவின் அக்கா குணவதி அவன் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். கருமக்கிரியை முடிந்து, வாடகை நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு லாரி போனபிறகுதான் கேட்டாள்.

"தம்பி, கால் வலிக்குதுன்னு அவ எங்கிட்ட போன்ல சொன்னா. ஒம் புருஷங்கிட்ட சொன்னியாடின்னு கேட்டேன். சொல்லிட்டேன்க்கான்னா. சொல்லலியா?"

ஞாபகம் இல்லை என்றான். அது பொய்யில்லை. கடைசி இரண்டு மாதத்தில் அவர்கள் சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் பேசியதாகவே அவனுக்கு ஞாபகம் இல்லை. ஒரே ஒரு நாள்தான் விதிவிலக்கு. அன்றைக்கு நாற்பத்து மூன்று நிமிடம் பேசினாள். அதுவும் பாடத்துக்காக.

மொழிப் பிரிவின் தலைவர் டாக்டர் ஜெரார்ட். அந்தப் பிரிவில் அவரைத் தவிர வேறு யாரும் கிடையாது. தோட்டப்புறத் தமிழர்கள் ஏழு பேரைப் பேசவிட்டுப் பதிவு செய்து, பேச்சில் வரும் மலாய்ச் சொற்களை எண்ணிக் கொடுக்கவேண்டும் என்பது அவர் கொடுத்த பயிற்சி. எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம், பேசும் பொருள் ஆய்வுக்குத் தேவையில்லை என்று குறிப்பிலேயே அச்சிட்டிருந்தது. குடியிருந்த சுங்கை லாலாங்கில் தினேஸ்வரனுக்கு ஆறு பேர்தான் அகப்பட்டார்கள். ஏழாவது ஆளாக பிரேமலா, வேலை முடிந்து வந்து சீருடையைக்கூட மாற்றாமல் எதிரே உட்கார்ந்தாள். அவள் பேசினாள். அவன் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கோடு போட்டான். நாலு கோட்டுக்கு ஒரு குறுக்குக்கோடு.

தகவலாளி 7. பெண். வயது 26. 43 நிமிடம். 212 மலாய்ச் சொற்கள். ஏழு பேரில் அவளே முதலிடம். தினேஸ்வரனுக்கு ஏ கிரேடு கிடைத்தது. தகவலாளியின் பாதுகாப்பை முன்னிட்டுப் பதிவைத் துறையிடம் ஒப்படைத்து, தன் கைப்பேசியில் இருப்பதை அழித்து, அழித்துவிட்டேன் என்று கையெழுத்துப் போடவேண்டும் என்பது விதி. மற்ற பத்துப் பேரும் கையெழுத்து மட்டும் போட்டார்கள். தினேஸ்வரன் அழித்தான்.

ஆகவே, அவள் சொன்னாளா இல்லையா என்பது இப்போது துறையின் காப்பகத்தில் மட்டும்தான் இருந்தது. சொல்லவில்லை என்றால் குணவதி அக்காவிடம் நேரே போய்ச் சொல்லலாம். சொல்லியிருந்தால் என்ன செய்வது என்று அவன் யோசிக்கவில்லை.

காப்பகம் மாடிப்படிக்குக் கீழே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவர் பிச்சை அண்ணன். முன்பு கல்லூரி வாசலில் காவலாளியாக இருந்தவர். முட்டிவலி வந்தபிறகு அவரை உள்ளே தள்ளி, மானிட குலத்தின் குரல்களை ஒப்படைத்திருந்தார்கள்.

"இருக்கு தம்பி. இந்த டிரைவ்லதான் இருக்கு, தட்டுனா பாடிரும். ஆனா ஃபாரம் வேணும்லா."

பதிவைக் கேட்க தகவலாளியின் கையெழுத்து வேண்டும் என்றது படிவம். தகவலாளி இறந்துவிட்டால் என்று ஒரு கட்டம் அதில் இல்லை. தகவலாளி வெளியூர் சென்றுள்ளார் என்ற கட்டம் இருந்தது. பிச்சை அண்ணன் பேனாவை அதன்மேல் கொண்டுபோய், கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு எடுத்துக்கொண்டார். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் வேறொரு வழி இருந்தது. நான்கு பிரிவுத் தலைவர்களும் இந்தத் தகவலாளியில் தமக்குப் பாத்தியதை இல்லை என்று எழுதிக்கொடுத்தால் நெறிமுறைக் குழு அனுமதிக்கலாம்.

பிச்சை அண்ணன் எழுந்தார். தான் தேத்தண்ணி குடிக்கப் போவதாகவும், திரும்பிவர ஒரு மணி நேரம் ஆகும் என்றும், கதவைப் பூட்டும் பழக்கம் தனக்கு இல்லை என்றும் சுவரைப் பார்த்துச் சொன்னார். தினேஸ்வரன் கணினியைப் பார்த்தான். பிறகு படிவத்தை எடுத்துக்கொண்டு அவருக்கு முன்னால் வெளியே வந்துவிட்டான். இன்றைக்கே கேட்கவேண்டியதில்லை என்பதில் அவனுக்கு ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதிக்காகப் படி ஏறும்போதெல்லாம் வெட்கப்பட்டான்.

டாக்டர் ஜெரார்ட் எழுந்து நின்று கை கொடுத்தார். பெரிய இழப்பு என்றார். இருநூற்றுப் பன்னிரண்டு சொல் என்பது சாதாரணம் இல்லை என்றும் சொன்னார். தன் மனைவியின் குரலை ஒரு தடவை கேட்கவேண்டும் என்றான் தினேஸ்வரன். அவர் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி, பொறுமையாக விளக்கினார்.

"தினேஸ், அதுல பேசுறது உங்க மனைவி இல்ல. முதல்ல அத நீங்க புரிஞ்சுக்கணும். அது ஒரு பேச்சுச் சமூகம். தனி ஆள் என்ன சொல்றாங்கன்னு கேக்க ஆரம்பிச்சா இந்தத் துறையே நடக்காது. நான் இருபத்திரண்டு வருஷமா கேட்டதில்ல."

அதைப் பெருமையாகவே சொன்னார். கையெழுத்து தருவதில் தடையில்லை. ஆனால் பிரிவுக்கு ஒரு தகவலாளி குறைகிறது. அதே குடும்பம், அதே பால், கிட்டத்தட்ட அதே வயதில் இன்னொருவரை நாற்பத்து மூன்று நிமிடம் பதிவு செய்து கொண்டுவந்தால் இடம் நிரம்பிவிடும் என்றார்.

மறுத்திருக்கலாம். மறுக்கும் யோக்கியதை தனக்கு இருப்பதாக அவனுக்குத் தோன்றவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பண்டார் பாருவுக்குப் போனான். குணவதி அங்கே பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தையல்கடை வைத்திருந்தாள். விஷயத்தைச் சொன்னபோது அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"போடுங்க தம்பி. ஓடுதா? செவப்பு லைட்டு எரியுதா? சரி, நல்லா கேட்டுக்குங்க."

நாற்பத்து மூன்று நிமிடமும் திட்டினாள். கல்யாணத்தில் ஆரம்பித்து, தங்கச்சியை நின்ற காலோடு உழைக்கவைத்ததில் வளர்ந்து, செத்த வீட்டில்கூட வாய் திறந்து அழாதவனை ஊர் என்ன பேசுகிறது என்பதில் முடித்தாள். நடுவில் ரவிக்கை வாங்க வந்த ஒருத்தி, வாசலிலேயே நின்று கேட்டுவிட்டு ரவிக்கையை வாங்காமலே போனாள். தினேஸ்வரன் குனிந்து கோடு போட்டுக்கொண்டிருந்தான். முடிவில் எண்ணிப் பார்த்தபோது மலாய்ச் சொல் நான்குதான் இருந்தது. கோபம் முழுக்கத் தமிழிலேயே வந்திருந்தது. டாக்டர் ஜெரார்டுக்கு ஏமாற்றம். தகவலாளி இயல்பாகப் பேசவில்லை என்று குறித்துக்கொண்டார். இருந்தாலும் நேரம் சரியாக இருந்ததால் கையெழுத்துப் போட்டார்.

உடலியல் பிரிவின் டாக்டர் செரீனா எதையும் விளக்கவில்லை. அவனை எடைக் கருவியில் ஏற்றினார். கை மடிப்பு, வயிற்று மடிப்பு, தாடைக்குக் கீழே என்று கிடுக்கியால் கிள்ளிக் கிள்ளி அளந்தார். ஐந்து வாரத்தில் ஆறரைக் கிலோ குறைந்திருந்தது. அருமை என்றார். மனைவியை இழந்த ஆணின் அளவு இந்த வட்டாரத்தில் இதுவரை யாரிடமும் இல்லையாம். வாராவாரம் வரவேண்டும், இடையில் யாராவது சமைத்துக் கொடுத்தால் சாப்பிட்டுவிடக்கூடாது, தரவு கெட்டுவிடும் என்றார். கையெழுத்து கிடைத்தது.

தொல்லியல் டாக்டர் ஹலீம் நேரில் பார்க்காமல் எதிலும் கையெழுத்திடுவதில்லை. பூமிக்கடியில் ஆயிரம் வருடத்துச் செங்கல்லைப் பார்த்துப் பழகியவர். சுங்கை லாலாங் வீட்டுக்கு நூல்கண்டும் ஆணியும் தூரிகையும் கொண்டுவந்தார். மனிதர் போனபின் எஞ்சும் பொருள் எதுவானாலும் தன் பிரிவுக்கே பாத்தியதை, அதைப் பார்வையிடாமல் விட்டுக்கொடுக்க முடியாது என்று மலாயில் மிகவும் மரியாதையாகச் சொன்னார். வீடு முழுவதும் ஒரு மீட்டர் சதுரங்களாக நூல் கட்டினார். ஐந்து வாரமாக அங்கே எதுவும் நகரவில்லை. கதவுக்குப் பின்னால் சீருடை, குளிர்பெட்டி மேல் முடி சிக்கிய கிளிப், கழுவாத சாப்பாட்டு டப்பா. எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. இவ்வளவு கலையாத அகழ்வுத்தளத்தைத் தான் கண்டதே இல்லை என்று டாக்டர் ஹலீம் நெகிழ்ந்துபோனார். பொதுவாக உறவினர்கள் அவசரப்பட்டுக் கூட்டிப் பெருக்கிவிடுவார்களாம்.

வாசல் சதுரத்தில் அவள் வேலைக்குப் போட்டுப்போகும் செருப்பு இருந்தது. டாக்டர் ஹலீம் முட்டிபோட்டுப் பார்த்து, சொல்லச் சொல்ல, தினேஸ்வரன் எழுதினான். வலது செருப்பு, பட்டை மூன்றாம் துளையில். இடது செருப்பு, பட்டை கடைசித் துளையையும் தாண்டி. கடைசித் துளைக்குப் பிறகு கத்தி முனையால் குத்திய புதுத் துளை ஒன்று. உபயோகித்தவரின் இடது கால் மட்டும் குறுகிய காலத்தில் பெருத்திருக்கிறது, சுவையான செய்தி என்றார் டாக்டர் ஹலீம். தினேஸ்வரன் அதையும் எழுதினான். அந்தச் செருப்பைத் தாண்டித்தான் அவன் தினமும் வீட்டுக்குள் வந்து போய்க்கொண்டிருந்தான். அவள் இருந்தபோதும்.

மூன்று கையெழுத்தோடு பேராசிரியர் லோகேஸ்வரியிடம் போனான். பண்பாட்டுப் பிரிவின் தலைவர் அவர். துறையின் தலைவரும், நெறிமுறைக் குழுவின் தலைவரும் அவரே. குழுவின் மற்ற மூன்று உறுப்பினர்கள், ஏற்கெனவே கையெழுத்திட்ட மூவர். அவர்கள் அன்றைக்கு அவனை முன்பின் பார்த்திராதவர்கள்போல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எதிரே இரண்டு நாற்காலிகள் போட்டிருந்தன.

பேராசிரியர் லோகேஸ்வரி எழுந்தே பேசினார். "இந்தத் துறையில பதினொரு வருஷமா ஒரு தகவலாளிக்குக்கூட நாங்க தீங்கு செஞ்சதில்ல. எப்படித் தெரியும்னு கேப்பீங்க. இதுவரைக்கும் ஒருத்தரும் வந்து புகார் குடுத்ததில்ல. புகார் எங்க குடுக்கணும்னு அவங்களுக்குத் தெரியாதுன்னு சிலர் சொல்றாங்க. அதுவும் பாதுகாப்புதான். தகவலாளிய நாங்க எல்லார்கிட்ட இருந்தும் காப்பாத்துறோம். உங்ககிட்ட இருந்தும்."

பிறகு நிலைமையை விளக்கினார். ஆய்வாளர் என்ற முறையில் தினேஸ்வரன் அந்தப் பதிவை இனித் தொடக்கூடாது. கணவர் என்ற முறையில் கேட்க உரிமை உண்டு. இருவரும் ஒரே ஆளாக இருப்பது முறையாகாது. ஆகவே இடது நாற்காலி ஆய்வாளருக்கு, வலது நாற்காலி கணவருக்கு. எந்த நாற்காலியைக் கேட்கிறார்களோ அதில் மாறி உட்கார்ந்து பதில் சொல்லவேண்டும்.

தினேஸ்வரன் இடதில் உட்கார்ந்து, தகவலாளியைத் தனக்குத் தெரியும் என்றான். எவ்வளவு காலமாக என்று கேட்டார்கள். ஐந்து வருடம். உறவு நடுநிலையானதா என்று கேட்டார்கள். கொஞ்ச நாளாக அப்படித்தான் இருந்தது என்றான். அதைப் பாராட்டிக் குறித்துக்கொண்டார்கள். வலதுக்கு மாறி, மனைவி தன் விருப்பத்தோடுதான் கலந்துகொண்டாள் என்றான். ஏழாவது ஆள் கிடைக்கவில்லை என்று அவன் சொன்னதும், 'என்னைய எழுதிக்குங்க' என்று அவளே வந்து உட்கார்ந்தாள்.

"நல்லது" என்றார் பேராசிரியர். "கணவர்கிட்ட கடைசிக் கேள்வி. ஆய்வாளர் மேல உங்களுக்கு ஏதாவது புகார் இருக்கா?"

வழக்கமாகக் கேட்கும் கேள்வி. அடுத்த தாளைப் புரட்டத் தொடங்கியிருந்தார். தினேஸ்வரன் பக்கத்தில் காலியாகக் கிடந்த நாற்காலியைப் பார்த்தான்.

"இருக்கு."

நான்கு பேரும் நிமிர்ந்தார்கள். டாக்டர் செரீனா கிடுக்கியை மேசைமேல் வைத்தார். என்ன புகார் என்று கேட்டபோது, இன்னும் தெரியவில்லை, கேட்டால்தான் தெரியும் என்றான். ஆய்வாளரின் பதில் என்ன என்றார்கள். எழுந்து இடது நாற்காலிக்கு மாறினான். அங்கே அவனுக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை. கணவரின் புகார் நிலுவையில், ஆய்வாளர் ஒத்துழைக்க மறுப்பு என்று கூட்டக் குறிப்பில் ஏறியது. நிலுவையில் புகார் இருப்பது துறைக்கு அழகல்ல என்பதால் உடனே அனுமதியும் கிடைத்தது. ஒரே ஒரு தடவை. காப்பாளர் முன்னிலையில். ஹெட்போன் கூடாது. கேட்டபின் ஒரு படிவம்.

பிச்சை அண்ணன் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அறையில் இருந்த மின்விசிறியை நிறுத்தினார். பிறகு தட்டினார்.

"ஆரம்பிச்சிட்டீங்களா? என்ன பேசுறது?" என்றது பிரேமலாவின் குரல். ஒரு சிரிப்பு. பிறகு அவள் பாட்டுக்குப் பேசினாள். மூன்று தள்ளுவண்டி நிறைய வாங்கிவிட்டுப் பால்மாவை மட்டும் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்த ஆன்ட்டியைப் பற்றி. புது மேனேஜர் சீப்பை எந்தப் பையில் வைத்திருக்கிறான் என்பதைப் பற்றி. தீபாவளி விடுமுறைக்குப் பெயர் கொடுத்தால் கிடைக்குமா கிடைக்காதா என்று. கேட்டுக்கொண்டே இருந்தவன், தன் வலது கை பேனாவைப் பிடித்து மேசைமேல் கோடு போட்டுக்கொண்டிருப்பதைக் கண்டான். பதினேழு கோடு. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

முப்பத்தோராம் நிமிடத்தில் அவள் சொன்னாள்.

"நின்னு நின்னு இந்த எடது காலு பெங்காக் ஆயிருச்சிங்க. பாருங்க, எப்டி வீங்கிக் கெடக்குன்னு. படி ஏறுனா மூச்சு வாங்குது. சனிக்கெழம கிளினிக் போவலாமா, நீங்களும் வரீங்களா?"

அதற்குப் பிறகு ஓர் ஆண் குரல் வந்தது. ஒரு வாக்கியம்தான். பிச்சை அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

பிரேமலா அதே செய்தியை மறுபடி சொன்னாள். இந்தத் தடவை நிறுத்தி, தெளிவாக, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற பிள்ளைபோல. இடது கால் வந்தது. பெங்காக் வந்தது. மூச்சு வாங்குவதும் வந்தது. கிளினிக் வரவில்லை. "போதுமா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு பன்னிரண்டு நிமிடம் வேறு எதை எதையோ பேசினாள். அதில் எதிலும் காலைப் பற்றி ஒன்றும் இல்லை.

படிவத்தில் நான்கு கேள்விகள். நான்காவது, இந்த ஆய்வின்போது தகவலாளிக்குத் தீங்கு ஏதும் நேர்ந்ததா, ஆம் அல்லது இல்லை.

"இல்லங்கறதுல டிக் போட்ருங்க தம்பி" என்றார் பிச்சை அண்ணன் மெதுவாக. "எல்லாரும் அதான் போடுவாங்க."

தினேஸ்வரன் ஆம் என்பதில் போட்டான்.

மூன்று நாளில் குழுவிடமிருந்து கடிதம் வந்தது. ஆம் என்பது கைதவறி விழுந்த குறியாக இருக்கலாம் என்று கருதுவதாகவும், ஆம் என்று வரும் படிவத்தை எந்தக் கோப்பில் போடுவது என்பதற்கு முன்மாதிரி இல்லை என்றும், அவருடைய வசதிக்காக இல்லை என்பதில் ஏற்கெனவே குறியிட்ட புதிய படிவம் இணைக்கப்பட்டுள்ளது என்றும் எழுதியிருந்தது. கீழே ஒரு நல்ல செய்தி. தகவலாளி 7 இரண்டாவது தடவை கூறிய வாக்கியம் ஒலித்தெளிவு மிக்கதாக இருப்பதால், டாக்டர் ஜெரார்ட் அதை மாநாட்டில் எடுத்துக்காட்டாகப் பயன்படுத்தவிருக்கிறார். துறையின் வாழ்த்துகள்.

அன்றைக்கு மத்தியானமே தினேஸ்வரன் பண்டார் பாருவுக்குப் போனான். தையல்கடையில் குணவதி மெஷினில் இருந்தாள். உட்காரச் சொன்னாள். அவன் உட்காரவில்லை.

"சொன்னா, அக்கா" என்றான். "ரெண்டு தடவ சொன்னா."

குணவதி மிதியிலிருந்து காலை எடுத்தாள். சக்கரம் சுற்றி நின்றது.

"ரெண்டு தடவையா? மொதத் தடவ சொன்னப்ப நீங்க என்ன சொன்னீங்க?"

"சரியா விழல, மைக்குக்கிட்ட வந்து இன்னொரு தடவ சொல்லுன்னேன்."